நான்கு நிலைகளா, ஐந்தா?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரும் காலை ரயிலில் மடிக்கணினியைத் திறந்ததும் அவர் பார்ப்பது ஒரே படத்தைத்தான். அயனிக் கால்வாய் திறந்தால் சில பிக்கோ ஆம்பியர் மின்னோட்டம் எழும், மூடினால் விழும். உயிரணுச் சவ்வில் ஒற்றைக் கால்வாயின் இந்த மின்னோட்டத்தை 1976இல் நேகரும் சாக்மனும் பதிவு செய்து காட்டினர். அத்தகைய கோடு ஒன்றே அவருடைய மூன்றாண்டு உழைப்பின் விளைச்சல்.

கோட்டில் தெரிபவை திறப்பு, மூடல் என்னும் இரண்டே. ஆனால் மூடியிருக்கும் காலங்களைத் தொகுத்தால், பல அடுக்குக்குறிச் சார்புகளின் கலவை தெரிகிறது. அதாவது, ஒன்றாகத் தோன்றும் மூடலுக்குள் பல மறைநிலைகள் உள்ளன. மொத்தம் எத்தனை நிலைகள்? அவருடைய நெஞ்சம் ஐந்தின் பக்கம் சாய்ந்திருந்தது. ஆய்வேட்டின் முதல் இயலையும் அதற்கேற்பவே எழுதிவிட்டார்.

பதிவில் 10,000 நிகழ்வுகள். ஐந்தாம் நிலையைச் சேர்க்க இரண்டு வேக மாறிலிகள் கூடுதலாகத் தேவை; அதனால் நிகழ்வாய்ப்பின் மடக்கை 7 அலகு உயர்ந்தது. மாறிலிகளைக் கூட்டினால் பொருத்தம் குறைவதில்லை. அந்த உயர்வு கூட்டியதற்கு ஈடாகுமா என்பதே கேள்வி. விகிதச் சோதனையில் இருமடங்கான 14, எல்லையான 5.99ஐத் தாண்டியது. அகைக்கேயின் அளவுகோல் மாறிலிக்கு 2 வீதம் 4 மட்டுமே தண்டம் விதித்து ஐந்தை ஏற்றது. 1978இல் ஷ்வார்ட்ஸ் தந்த அளவுகோலோ 10,000இன் இயற்கை மடக்கையான 9.21ஐ இருமுறை விதித்து 18.42 கேட்டது. 14 போதவில்லை.

இரண்டுக்கு ஒன்று என முடித்திருக்கலாம். ஆனால் இதே நகரில் புள்ளியியலை வளர்த்த யு. சிவராமன் நாயர் 1939இல் பயோமெட்ரிகாவில் எழுதிய கட்டுரை அவர் நினைவில் இருந்தது. சோதனை அளவைகளின் துல்லியமான பரவலைத் தேடிய கட்டுரை அது. தம் கணக்கிலோ, ஐந்தாம் நிலைக்குச் செல்லும் வேகம் சுழியமாகும் விளிம்பில் வழக்கமான கை-வர்க்கத் தோராயம் செல்லாது என்பதை அவர் அறிவார்.

ஆகவே நான்கு நிலை மாதிரியிலிருந்தே 1,000 செயற்கைப் பதிவுகளை உருவாக்கினார். கருவி தவறவிடும் மிகக் குறுகிய மூடல்களை அவற்றிலும் தவறவிட்டார். பின் இரு மாதிரிகளையும் பொருத்தினார். ஐந்தாம் நிலையே இல்லாத அப்பதிவுகளில் 80க்கும் மேற்பட்டவை 14ஐத் தாண்டின. அவர் மூன்றாண்டுகள் நேசித்தது கருவியின் நிழலாகவும் இருக்கலாம்.

ஐந்தாம் நிலை இல்லை என்று இதற்குப் பொருளன்று. உண்டு எனச் சொல்ல இத்தரவு போதாது, அவ்வளவே. இரு மாதிரிகளும் வேறுபட்ட விடை கூறும் வேறொரு மருந்துச் செறிவில் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். முதல் இயலை அழித்து, அதையே எழுதினார்.

அன்றிரவு அம்மா தொலைபேசியில் கேட்டார்: “இந்த வருசமாவது முடியுமா மக்களே?”

“இன்னும் ஆறு மாசம் ஆகும்மா.”