நடைபாதைக் கடையும் நிரல் களஞ்சியமும்

கரியாஹாட் நாற்சந்தியில் இரவு ஏறியதும் நடைபாதைக் கடைகள் மூட்டைகளாகச் சுருங்கும். புடவை, பாத்திரம், வளையல், குழந்தைச் சட்டை எல்லாம் தார்ப்பாய்க்குள் போய்க் கயிற்றால் கட்டப்படும். சரக்கு வணிகருடையது, அது நிற்கும் தரை அவருடையது அன்று. இவ்வேறுபாட்டின் விலையை 1996 நவம்பரில் அத்தெரு அறிந்தது. 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் கொல்கத்தாவின் முக்கியச் சாலைகளிலிருந்த நடைபாதைக் கடைகள் அகற்றப்பட்டன. கரியாஹாட்டில் ஓரிரவிலேயே வேலை முடிந்தது. சரக்கைக் காத்துக்கொண்டவரும் வாடிக்கையாளர் தேடி வரும் இடத்தை இழந்தார்.

அதே கரியாஹாட்டின் பண்டிகைக் கால நெரிசலில் ஓர் ஆய்வு மாணவர் தம் கைப்பேசியைப் பறிகொடுத்தார். தமிழ்த் தொடர்களைச் சொற்களாகப் பிரித்து இலக்கணக் குறியிடும் நிரலே அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் அடித்தளம். பட்டம் பெற்றதும் திறந்த மூலமாக வெளியிடும் எண்ணத்துடன், ஒரு தனியார் தளத்தில் பிறர் காணாத களஞ்சியமாக அதை வைத்திருந்தார். கணக்கினுள் நுழைவதற்கான இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண் கைப்பேசியில்தான் கிடைக்கும். மீட்புக் குறியீடுகளும் அக்கைப்பேசியிலேயே இருந்தன. கணக்கைத் திறந்துதர இயலாது என்று தளத்திலிருந்து பதில் வந்தது. பாதுகாப்பு விதியின்படி அது சரியான பதில்தான்.

நிரல் அழியவில்லை. கிட் என்னும் கருவியின் அமைப்பே அத்தகையது: களஞ்சியத்தைப் படியெடுத்த ஒவ்வொரு கணினியிலும் அதன் முழு வரலாறும் இருக்கும். மாணவரின் மடிக்கணினியில் கடைசி வரி வரை பத்திரமாக இருந்தது. இழந்தது வேறு. 'வந்துவிட்டான்' என்பது ஒரு சொல்லா, இரண்டா? 'அவனும்' என்பதில் 'உம்' தனி உறுப்பாகப் பிரிய வேண்டுமா? 'பற்றி' எங்கே வினையெச்சம், எங்கே சொல்லுருபு? இப்படிப்பட்ட முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் ஈராண்டுகளாகத் தளத்தின் விவாதப் பகுதியிலேயே அவர் எழுதிவந்தார். அப்பகுதி கிட் வரலாற்றுக்குள் அடங்குவதில்லை. தளத்தின் தரவுத்தளத்தில் மட்டுமே வாழ்கிறது. நிரல் எப்படிப் பிரிக்கிறது என்பதை இன்றும் காட்டலாம். ஏன் அப்படிப் பிரிக்கிறது என்பதே வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும்.

கட்டற்ற மென்பொருள் பிறருடைய தரையில் நிற்பது புதிதன்று. லினக்ஸ் கெர்னல் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் தனியுடைமைக் கருவியில் பேணப்பட்டது. 2005இல் அதன் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டபோது லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். அந்தக் கிட்டை மையமாகக் கொண்டு எழுந்த கிட்ஹப்பின் சொந்த நிரல் இன்றும் மூடியே இருக்கிறது. 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. திறந்த மூலத் திட்டங்களுக்கு இடம் தந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டங்களின் பேரில் ஈரான், சிரியா, கிரிமியா பகுதிப் பயனர்களுக்குக் கிட்ஹப்பின் சில சேவைகள் நிறுத்தப்பட்டன. அவர்களது நிரலின் உரிமத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இந்தியாவும் இதைக் கண்டிருக்கிறது. 2014 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை முடக்க ஆணையிட்ட 32 முகவரிகளின் பட்டியலில் கிட்ஹப்பின் பெயரும் இருந்தது. தடை பின்னர் விலக்கப்பட்டது. 2020 மே மாதம் ஆரோக்ய சேது செயலியின் ஆண்ட்ராய்டு நிரலை வெளியிட முன்வந்தபோது, ஓப்பன்ஃபோர்ஜ் என்னும் சொந்தத் தளம் இருந்தும், நடுவண் அரசு கிட்ஹப்பையே நாடியது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான பின்தள நிரல்தான் ஓப்பன்ஃபோர்ஜுக்குச் சென்றது. நிரலாளர் கூட்டம் எங்கு இருக்கிறதோ அங்கே கடை விரிப்பது இயல்பு. மாணவரை அதற்காகக் குறைசொல்ல இயலாது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நடைபாதை பொதுச்சொத்து. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் வந்தபின், கரியாஹாட் வணிகர் சான்றிதழ் கோரலாம்; நகர விற்பனைக் குழுவில் தம் பிரதிநிதியைக் காணலாம். தனியார் தளத்தின் பயனருக்கு உள்ளவை, படிக்காமல் ஒப்புக்கொண்ட பயன்பாட்டு விதிகள் மட்டுமே.

ஆகவே தளத்தைத் துறப்பதா என்பதைவிட, அங்கு எதை மட்டும் வைக்கிறோம் என்பதே ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மொழியியலாளருக்கு நல்ல முன்மாதிரி அருகிலேயே இருக்கிறது. 600 தொடர்கள் கொண்ட தமிழ் மரவங்கி உட்பட, யுனிவர்சல் டிபென்டென்சீஸ் திட்டத்தின் அன்றாட வேலை கிட்ஹப்பில் நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு வெளியீடும் பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகம் பேணும் லிண்டாட் களஞ்சியத்தில் நிலையான அடையாள எண்ணுடன் வைக்கப்படுகிறது. விவாதம் தளத்தில் நடந்தாலும், ஏற்கப்பட்ட விதிகள் ஆவணமாக எழுதப்பட்டுக் கிட் வரலாற்றுக்குள்ளேயே சேர்கின்றன. பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016இல் அறிவித்த சாஃப்ட்வேர் ஹெரிடேஜ், பொதுக் களஞ்சியங்களின் நிரலையும் வரலாற்றையும் சேமிக்கிறது. விவாதங்களைக் காக்கும் பொறுப்பு எழுதியவரிடமே எஞ்சுகிறது.

மாணவர் இப்போது புதிய களஞ்சியம் தொடங்கியிருக்கிறார். முதலில் சேர்த்த கோப்பு நிரலன்று. 'முடிவுகள்' என்று பெயரிட்ட எளிய உரைக்கோப்பு. நிரலை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு விதிக்கும் எதிரே அதன் காரணத்தை நினைவிலிருந்து எழுதிவருகிறார். 'வந்துவிட்டான்' குறித்து அரைப்பக்கம் எழுத முடிந்தது. வேறு சில விதிகளுக்கு எதிரே ஒரே வரிதான் உள்ளது: காரணம் நினைவில்லை, மறுபடியும் ஆராய வேண்டும்.