அறையணிநல்லூரிலிருந்து அண்ணாமலை

பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் மூவர் அண்ணாமலையாரையும் உண்ணாமுலையம்மனையும் தரிசிக்கத் திருவண்ணாமலைக்கு வந்திருந்தனர். தரிசனம் முடிந்த மறுநாள் கிரிவலம் செல்வது அவர்களுடைய நெடுநாள் எண்ணம். ஆனால் மூவரில் மூத்தவருக்கு முழங்கால் வலி. 14 கிலோமீட்டர் நடக்க இயலாது. "நீங்கள் இருவரும் வலம் வாருங்கள், நான் கோபுரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறேன்" என்றார். அவரைத் தனியே விட்டுச் செல்ல மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. மூவருமாகத் திருக்கோவலூர் சென்று வருவதென்று முடிவாயிற்று.

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், தென்பெண்ணையாற்றின் தென்கரையில் உள்ளது அவ்வூர். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான அங்கே, வலக்கரத்தில் சங்கும் இடக்கரத்தில் சக்கரமும் ஏந்தி உலகளந்த பெருமாள் ஓங்கி நிற்கிறார்.

பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் சந்தித்த தலமும் இதுவே. மழை பெய்த ஓர் இருளிரவில், ஒருவர் படுக்கவும், இருவர் அமரவும், மூவர் நிற்கவும் மட்டுமே இடமுள்ள இடைகழியில் அவர்கள் ஒதுங்கினர். நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தனர். அவர் பெருமாளே என்று கண்டனர். மூன்று திருவந்தாதிகள் பிறந்த வரலாறு இது. முதலில் வந்தவர் படுத்தே இருந்திருந்தால் அந்த நெருக்கம் ஏது?

அடுத்து கீழையூர் வீரட்டேசுவரர் ஆலயம். அந்தகாசுரனைச் சிவபெருமான் வதைத்த தலமாகிய இது, அட்ட வீரட்டங்களுள் ஒன்று. அருகே ஆற்றினுள் நிற்கிறது கபிலர் குன்று. நண்பன் பாரி மறைந்தபின், அவன் மகளை மணம் செய்து கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை, இவ்வாலயத்திலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. மூவரும் அங்கே சிறிது நேரம் பேசாமல் நின்றனர்.

மாலையில் பாலத்தைக் கடந்து வடகரையிலுள்ள அறையணிநல்லூரை அடைந்தனர். பாறைமேல் அமைந்த சிவாலயம் அது. திருஞானசம்பந்தர் இங்கிருந்தே அண்ணாமலையைக் கண்டு பாடினார் என்பது மரபு. 1896 ஆகஸ்ட் இறுதியில், மதுரையிலிருந்து புறப்பட்டு வந்த 16 வயது வேங்கடராமன் இக்கோயிலில் ஒரு பேரொளியைக் கண்டார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்த அவரே பின்னாளில் பகவான் ரமண மகரிஷி.

இருவர் இருபுறமும் தாங்க, மூத்தவர் மெல்ல மேலே ஏறினார். வானம் தெளிந்திருந்தது. வடமேற்கே, வயல்வெளிகளுக்கு அப்பால், நீலநிறத்தில் முழுமலையும் தெரிந்தது. அடிவாரத்தில் நின்றபோது ஒரு பக்கமே தெரிந்த மலை, இங்கே அடி முதல் முடி வரை ஒரே பார்வையில் அடங்கியது. அவர் இரு கரங்களையும் தலைமேல் குவித்தார். நின்ற இடத்திலேயே மெல்ல ஒரு முறை தம்மைச் சுற்றிக்கொண்டார். நண்பர்கள் இருவரும் அவருடன் சேர்ந்து சுற்றினர்.