சைக்கிள் கொட்டகை

மலராசிரியர் என்னிடம் கேட்டது விஞ்ஞானக் கட்டுரை. "பௌதிகம் படிக்கிறீர்கள், அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ எல்லோருக்கும் விளங்கும்படி நாலு பக்கம் எழுதுங்களேன்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பேனாவை எடுத்து உட்கார்ந்தால் அணுவும் வரவில்லை, அண்டமும் வரவில்லை. கண்முன்னே வந்து நின்றது எங்கள் விடுதியின் சைக்கிள் கொட்டகைதான். சென்ற ஜனவரியிலிருந்து அதை நினைக்காத நாள் இல்லை. ஆகவே அதையே எழுதிவிடுகிறேன். பௌதிகமும் கொஞ்சம் வரும், ஆசிரியர் பொறுத்தருள்க.

என் வண்டி ஒரு பழைய ஹெர்குலிஸ். படிப்பு முடித்துப் போன ஒரு மாணவரிடம் 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். அம்பத்தூர் ஆலையில் பிறந்த வண்டி. டில்லியில் என்னைப்போல் இதுவும் வடக்கே வந்து சேர்ந்த ஜீவன் என்று அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். மணி அடிக்காது; மற்ற எல்லா உறுப்பும் சத்தம் போடும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். ஆனாலும் விடுதியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிஷம், வண்டியில் ஏழு நிமிஷம். மே மாத வெயிலில் அந்தப் பதினெட்டு நிமிஷத்தின் மதிப்பை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கொட்டகைக்கு மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், முன்னால் இரும்புக் கதவு, கதவருகே ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் காவற்காரப் பெரியவர். நாம் எல்லோரும் சாச்சா என்று கூப்பிடுவோம். எதிர்க் கம்பத்தில் ஒரு காமிராவும் உண்டு. இத்தனை ஏற்பாடு இருக்க என்ன பயம் என்று, பின்சக்கரத்துப் போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே நுழையும் சின்னப் பூட்டு ஒன்றை மட்டும் தள்ளிவிட்டு, டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன்.

ஜனவரி முதல் வாரம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் திரும்பி வந்தேன். கை நீட்டினால் கை தெரியாத பனி. பெட்டியைக்கூட அறையில் வைக்காமல் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால், என் வண்டி நின்ற இடத்தில் கொஞ்சம் எண்ணெய்க் கறை இருந்தது. வண்டி இல்லை.

அன்று மாலையே இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, காவல் நிலையம் போனேன். எழுத்தர் மரியாதையாகத்தான் கேட்டார்: "பிரேம் நம்பர் என்ன?" நான் நிறத்தைச் சொன்னேன். மணி அடிக்காது என்பதைச் சொன்னேன். சீட்டின் இடது ஓரம் கிழிந்திருக்கும் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "பச்சை ஹெர்குலிஸ் டில்லியில் எத்தனை இருக்கும், நீங்களே சொல்லுங்கள்" என்றார். ஒவ்வொரு வண்டிக்கும் எண் உண்டு. பெடல் அச்சு ஓடும் குழாயின் அடிவயிற்றிலோ, சீட் தண்டு இறங்கும் இடத்தருகிலோ இரும்பில் அடித்திருப்பார்கள். இரண்டு வருஷம் அதன்மேல் ஏறி உட்கார்ந்தவன், ஒருநாள்கூடக் கவிழ்த்துப் பார்த்ததில்லை. திருடு போன பொருள் கண்ணெதிரே வந்தாலும் அது என்னுடையது என்று நிரூபிக்க எனக்கு வழியில்லை.

இரண்டாவது காரியம், விடுதித் தலைவருக்கு ஒரு கடிதம். காவற்காரர் தூங்கியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் இது நடந்திராது என்று ஆங்கிலத்தில் நீட்டி முழக்கி எழுதினேன். நல்ல ஆங்கிலம். நண்பர்கள் படித்துப் பாராட்டினார்கள்.

காமிராப் படத்தைப் பிறகு பார்த்தோம். டிசம்பர் 28, காலை ஒன்பது மணி. பனியில் ஓர் உருவம், தலையில் குரங்குக் குல்லாய். டிசம்பரில் டில்லியில் பாதி ஜனங்கள் அந்தக் கோலந்தான். ஒரு கையால் கேரியரைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கி, மறுகையால் ஹாண்டில்பாரைப் பிடித்து, முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு அவசரமே இல்லாமல் வெளியே போயிற்று. சாச்சா விழித்துத்தான் இருந்தார். ஒதுங்கி வழியும் விட்டார்!

நேரே அவரிடம் போனேன். "பார்த்துக்கொண்டே இருந்தீர்களே, ஏன் கேட்கவில்லை?" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "சாவி தொலைந்த பையன் என்று நினைத்தேன் பாபு. ஆகஸ்டில் நீங்களும் அப்படித்தானே தூக்கிக்கொண்டு போனீர்கள்? அன்று கேட்டேன். அதற்கப்புறம் யாரையும் கேட்பதில்லை" என்றார்.

எனக்கு அடியோடு மறந்துபோன சங்கதி அது. அவர் சொன்னதும் ஒவ்வொன்றாக வந்தது. மழைநாள், செய்முறைத் தேர்வுக்கு நேரமாகிவிட்டது, சாவியைக் காணோம். பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். ஸ்டூலிலிருந்து எழுந்து, யாருடைய வண்டி என்று கேட்கிறார். "இரண்டு வருஷமாகப் பார்க்கிறாய், என்னையே திருடன் என்கிறாயா?" என்று பத்துப் பேர் நடுவில் கத்துகிறேன். என் தகப்பனார் வயது அவருக்கு. ஹிந்தியில் எனக்கு அப்போது 'தும்' வரும், 'ஆப்' வராது. அன்று வராததற்கு இலக்கணம் மட்டும் காரணமல்ல.

கடிதத்தைத் திரும்பப் பெற ஓடினேன். அதற்குள் அது வேலை செய்துவிட்டது. காவலுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் அம்மாதச் சம்பளத்தில் 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம்.

இதற்கிடையே சாப்பாட்டு மேசையில் ஒரு சட்ட விவாதம் நடந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவுப்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதல்முறை தண்டனை பெறுபவன், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூகசேவைதான் தண்டனை. இல்லை, பொருளைப் பாதுகாக்கும் கட்டடத்தில் திருடினால் 305-ஆம் பிரிவு, ஏழாண்டு வரை சிறை என்றார் சட்டம் படிக்கும் இன்னொரு நண்பர். மூன்று சுவர் உள்ள கொட்டகை கட்டடமா இல்லையா என்று ரசம் ஆறும்வரை வாதாடினார்கள். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். திருடனுக்கு வழக்கு உண்டு, வக்கீல் உண்டு. சாச்சாவுக்கு என் கடிதம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

உதவித்தொகை வந்ததும் 2,000 ரூபாயை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்பார், நான் வற்புறுத்தவேண்டும் என்று மனத்தில் வசனமெல்லாம் தயாரித்திருந்தேன். அவர் வாங்கி, இரண்டு தடவை எண்ணி, உள்பையில் வைத்துக்கொண்டார். அவர் பணம், அவர் வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லாததுதான் நியாயம்.

பிறகுதான் என் விஞ்ஞானம் விழித்தது. விடுதித் தலைவரிடம் அனுமதி பெற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாச்சாவை அருகில் வைத்துக்கொண்டு கொட்டகையைச் சோதித்தோம். பழைய பூட்டின் சாவி என்னிடம் மிஞ்சியிருந்தது. அது வேறு மூன்று வண்டிகளைத் திறந்தது! கம்பிவடப் பூட்டுகள் தடிப்பாய்த் தோன்றும். உள்ளே இருப்பது மெல்லிய இழைகள். சிறு வெட்டுக்கத்தரி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துவிடும். பெரிய கத்தரியோ நெம்புகோல். கைப்பிடி 60 சென்டிமீட்டர், வாய் 3 சென்டிமீட்டர் என்றால், கொடுக்கிற விசை வாயில் இருபது மடங்காகும். பூட்டு தரையில் கிடந்தால் இன்னும் சௌகரியம். ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு பிடியின்மேல் உடல் கனத்தையே போட்டுவிடலாம். ஆகவே பூட்டு தரைக்கு மேலே இருக்கவேண்டும். கடினப்படுத்திய எஃகில் லாடவடிவில் வரும் பூட்டு உத்தமம். அதையும் பின்சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்து, அசையாத ஒரு கம்பியோடு பிணைக்கவேண்டும். நடுவில் இடைவெளி குறைவாக இருந்தால் கடப்பாரை நுழையாது. எங்கள் கொட்டகையில் பிணைப்பதற்குக் கம்பியே இல்லை என்பது அன்றுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. மூன்று பக்கச் சுவரைப் பார்த்தே திருப்தியடைந்திருந்தோம். இப்போது சுவரோரம் இரும்புக்குழாய் பதித்திருக்கிறார்கள்.

ஆயினும் அன்று கண்டுபிடித்ததில் பெரியது பூட்டல்ல. 139 வண்டிகள் நின்றன. அவற்றில் 41-க்கு உரியவரே இல்லை. படிப்பு முடித்தவர்கள் அப்படியே விட்டுப்போனவை. எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாத இடத்தில், யார் எதைத் தூக்கினாலும் உரிமையாளர்போலத்தானே தோன்றும்?

தாத்தாவின் மேஜை இழுப்பறையில் பித்தளை வில்லைகள் சில கிடக்கும். அக்காலத்தில் நகராட்சி சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு ஆண்டுதோறும் கொடுத்தவை. சின்னவயதில் அவற்றை நான் காசாக வைத்துக் கடை விளையாடியிருக்கிறேன். அந்த ஞாபகத்தில் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொரு வண்டியையும் கவிழ்த்து, எண்ணை நோட்டில் எழுதி, உரியவர் கையில் ஒரு தகர வில்லை கொடுத்துவிடுவது. வண்டி வெளியே போகும்போது வில்லையைக் காட்டவேண்டும். நமது சங்கத்து நண்பர்கள் நால்வர் இரண்டு ஞாயிறு கரியும் கிரீஸுமாகப் புரண்டு நோட்டை முடித்தார்கள். அந்த 41 வண்டிகளும் தனியே ஒரு மூலைக்குப் போயின. கேட்கிற அதிகாரம் சாச்சாவுக்கே என்று விடுதித் தலைவர் கையெழுத்திட்டுக் கதவில் ஒட்டினார். முதல் வாரம் இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். அவர்கள் போட்ட சத்தம் எனக்குப் பழகிய சத்தமாகவே இருந்தது.

பச்சை ஹெர்குலிஸ் கிடைக்கவில்லை. ஜண்டேவாலான் சந்தையில் வேறொன்று வாங்கியிருக்கிறேன். அதன் எண்ணை மனப்பாடமாகச் சொல்வேன். போன வெள்ளிக்கிழமை காலை அதை உருட்டிக்கொண்டு வந்தபோது, சாச்சா ஸ்டூலிலிருந்து எழுந்து கையை நீட்டினார். வில்லை சட்டைப்பையில் இல்லை. "சாச்சா, இது என் வண்டி. நோட்டு எழுதியதே நான்தான். உங்களுக்குத் தெரியாதா?" என்றேன், 'ஆப்' போட்டுத்தான்.

"தெரியும் பாபு. வில்லை?" என்றார்.

என் அறை நாலாவது மாடியில். ஏறி, எடுத்து, இறங்கி வந்தேன். வகுப்புக்குப் பத்து நிமிஷம் தாமதம்.