அரும்பாவூர்ப் பட்டறையில் உளிக்குக் கூர் ஏறும் விதம்

பட்டறைக்குள் நுழைந்ததுமே தும்மல். வாகைத் தூளுக்கு அந்தக் குணம் உண்டு. பழகியவர்கள் மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலைக்கு அருகே இருக்கிறது அரும்பாவூர். இங்கே செய்யும் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிலை பார்க்க வருகிறவர்கள் நிறைய. உளி தீட்டுவதைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் பெரியவர் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “அதுல என்ன சார் இருக்கு, உக்காருங்க” என்று பலகையை நகர்த்திப் போட்டார்.

அவர் தரையில் அமர்ந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவே ஒரு கஜலட்சுமிப் பலகையை இடுக்கியிருந்தார். வலப்பக்கம் சாக்கின்மேல் உளிகள் வரிசையாகக் கிடந்தன. தட்டை வாய், வளைந்த வாய், கண்ணிமை கீறுவதற்கென்று குச்சி கனத்தில் ஒன்று. கடையில் வாங்கியவை கொஞ்சம்தான். மற்றவை லாரி ஸ்பிரிங் பட்டையிலும் தேய்ந்த அரத்திலும் கொல்லரிடம் அடித்து வாங்கியவை. “அரத்துல அடிச்சதுதான் நின்னு உழைக்கும்” என்றார். அரம் கரிச்சத்து மிகுந்த எஃகு. தோய்ச்சலில் நன்றாக இறுகும்.

மூலையில் மோட்டார் சாணை இருக்கிறது. வாய் உடைந்தால் மட்டுமே அதற்கு வேலை. பக்கத்தில் தண்ணீர் வாளி; இரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை முக்குகிறார்கள். விளிம்பில் நீலம் பாய்ந்தால் சூடு கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கும். அந்த இடத்தில் இரும்பு இளகிப்போய், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் போகும்வரை தேய்த்துத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி உலைக்கு அனுப்ப வேண்டும்.

கூர் ஏறுவது கார்பரண்டம் கல்லில்தான். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் கலந்து ஊற்றினார். உராயும் இரும்புத்தூள் கல்லின் துளைகளில் அடைக்காமல் எண்ணெயில் மிதந்து வெளியேறும். சரிவு எவ்வளவு என்று கேட்டேன். இரும்பின் கனத்தைப்போல இரண்டேகால் மடங்கு நீளம் என்றார். கணக்குப் போட்டால் 26 டிகிரி வருகிறது. ஈட்டி மரம்போலக் கடினமானதற்கு இரண்டு மடங்கு போதுமாம். அது சரியாக 30.

தட்டை உளியை முன்னும் பின்னும் தள்ளியபின் கட்டைவிரலால் உளியின் பின்புறத்தைத் தடவி, என் விரலையும் வைக்கச் சொன்னார். மெல்லிய பிசிறு தட்டுப்பட்டது. பிசிறு விளிம்பு முழுக்க வந்தால்தான் கல் முனைவரை போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு பின்புறத்தைக் கல்லில் படுக்கவைத்து நாலு இழுப்பு. கடைசியில் பலகையில் ஆணியடித்த பழைய பெல்ட் தோலில், வாய் தோலைக் கிழிக்காதபடி பின்னோக்கி மட்டும் இழுத்தார். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். மழுங்கிய உளியில் அங்கே ஒரு வெள்ளைக் கோடு மின்னும். இதில் அது இல்லை.

வளைவு உளிக்கு மணிக்கட்டை உருட்டிக்கொண்டே தீட்ட வேண்டும். உள்பக்கப் பிசிறை எடுக்க, ஓரத்தை உருட்டையாகத் தேய்த்த சின்னக் கல் துண்டு வைத்திருக்கிறார். வளைவு உளிக்கு என்றே பள்ளம் விழுந்த தனிக் கல். பையன் ஒருவன் வளைவு உளியோடு தட்டைக் கல்லை நோக்கிக் கை நீட்டியதும், “டேய், அதுல வைக்காத!” என்று அதட்டல். வளைவு உளி பட்டால் அதிலும் பள்ளம் விழும்; பள்ளமான கல்லில் தட்டை உளி ஒருநாளும் நேர்வாய் பிடிக்காது.

எதற்கு இவ்வளவு பாடு என்பதை அந்தப் பலகையிலேயே பார்த்தேன். வாகையின் இழை ஒரே திசையில் ஓடாது, பின்னிக்கிடக்கும். மழுங்கிய உளியில் லட்சுமியின் கன்னம் பிய்ந்து நார் நாராக எழும்பியது. தீட்டிய உளி அதே இடத்தில் ஓடியபோது வெட்டு வெண்ணெயாக வழுக்கி, மேற்பரப்பு தானாகவே பளபளத்தது. பிய்ந்ததை உப்புத்தாள் போட்டும் சமாளிக்கலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் உப்புத்தாள் இமையின் ஓரத்தையும் உதட்டுக் கோட்டையும் சேர்த்து மழுக்கிவிடும். கடைகளில் தூக்கக் கலக்கத்தோடு நிற்கும் சாமி முகங்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

மழைக்காலத்தில் துருப் பிடிக்காமல் இருக்க, வேலை முடிந்ததும் மெஷின் ஆயில் தடவிவைக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூளைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் அதை யாரும் தொடுவதில்லை. புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதலில் கொடுப்பது அந்த எண்ணெய்த் துணியும் பள்ளக் கல்லும்தான். மரம் கொடுப்பது பிறகு.