தணல் இருந்தால்தான் தூபக்கால்

மானாமதுரை என்றதும் பலருக்கும் கடம்தான் நினைவுக்கு வரும். வைகைக் கரையில் இருக்கும் இந்த ஊரின் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நான் மண்பாண்டம் செய்பவர்கள் வாழும் குலாலர் தெருவுக்குப் போனது சாம்பிராணி போடுகிற மண் தூபக்காலைத் தேடி.

வாசல்தோறும் பானையும் சட்டியும் அடுப்பும் அகலும் காய்கின்றன. திருவிழாக் காலத்தில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் தீச்சட்டி கேட்டு வருவார்கள்; ஆயிரங்கண் பானை கேட்டு வருவார்கள். தூபக்காலுக்கு அப்படிப் பருவம் எதுவும் இல்லை. மற்ற வேலைக்கு நடுவே, கேட்டவர்களுக்கு என்று செய்து வைக்கிறார்கள். நான் போன வீட்டில் இரண்டு தலைமுறையும் ஒரே கொட்டகைக்குள் வேலையில் இருந்தது. மகன் சக்கரத்தில், மருமகள் இணைப்பு வேலையில், வயதான அம்மா மண் பிசைகிற இடத்தில்.

அம்மா ஒரு பிடி மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "தேச்சுப் பாருங்க தம்பி. நறநறன்னு இருக்கா? தண்ணிப் பானைக்கு ஒரு மண்ணு, சோத்துப் பானைக்கு ஒரு மண்ணு, நெருப்பு வாங்குறதுக்கு ஒரு மண்ணு. வெறும் களியில செஞ்சா தணலு விழுந்ததும் டப்புன்னு விட்டுப்போகும்."

கண்மாயிலிருந்து வரும் களிமண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, மணல் கலந்து காலால் மிதிக்கிறார்கள். தூபக்காலுக்கு மணல் கொஞ்சம் தூக்கலாக விழ வேண்டும். சூடு ஏறும் இடம் விரியும், ஏறாத இடம் அப்படியே நிற்கும். அந்த இழுபறியில்தான் மண் வெடிக்கிறது. மணல் கலந்த மண்ணில் அந்த விரிவுக்கு இடம் கிடைக்கிறது. அளவு எவ்வளவு என்று கேட்டேன். பதிலுக்கு மண்ணைத் திரும்பவும் மிதிக்கத் தொடங்கினார். அவருடைய அளவு பாதத்தில் இருக்கிறது.

சக்கரம் இப்போது மோட்டாரில் ஓடுகிறது. மகன் ஒரு மண் உருண்டையை நடுவில் அறைந்து, நனைத்த கையால் நிமிர்த்தி, இரண்டு கட்டைவிரலையும் உள்ளே இறக்கினார். கண் இமைப்பதற்குள் ஒரு கிண்ணம் மலர்ந்தது. விளிம்பை மட்டும் வெளிப்பக்கமாக மெல்ல மடக்கிவிட்டார். சூடாக இருக்கும்போது கை பிடிக்க அந்த மடிப்புதான் துணை. நூலால் அடியை அறுத்து எடுத்து வைத்தார். அடுத்து கால் பகுதி. அது கவிழ்த்த நிலையிலேயே சக்கரத்தில் உருவாகிறது. "ஒண்ணா இழுத்தா ஈர மண்ணு கிண்ணத்தோட பாரம் தாங்காதுண்ணே. தனித்தனியாச் செஞ்சு, நெழல்ல சுண்டவிட்டுத்தான் சேர்க்கணும்" என்றார்.

சேர்ப்பது மருமகளின் வேலை. உடைந்த சீப்பால் இரண்டு பாகத்திலும் ஒட்டும் இடத்தைக் கீறி, சேற்றுக் குழம்பைத் தடவி, அழுத்தித் திருகி வைத்தார். இணைப்பைச் சுற்றி ஒரு மண் திரியை ஓட்டி, விரலால் வழித்துவிட்டார். பிறகு பழைய குடைக்கம்பியை எடுத்து, கிண்ணத்தின் இடுப்பில் வரிசையாகத் துளை போட்டார். தணலுக்கு மூச்சு வேண்டும். துளை இல்லாவிட்டால் சாம்பிராணி விழுந்ததும் தணல் அணைந்துவிடும். அந்தத் துளைக்கும் ஒரு பதம் உண்டு. ஈரம் அதிகம் இருந்தால் மண் கம்பியோடு இழுபட்டு வரும். அதிகம் காய்ந்துவிட்டால் ஓரம் உதிரும். அவர் நகத்தால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் எடுத்தார். வாங்குகிறவர் கண்ணில் படுவது சக்கர வேலை. தூபக்காலின் ஆயுள் இந்தப் பெண்ணின் விரலில் இருக்கிறது.

செங்காவி பூசிக் காய்ந்ததும் சூளை. விறகும் தேங்காய் மட்டையும் அடுக்கி, வைக்கோல் மூடி, மேலே சேறு பூசுகிறார்கள். முதலில் நெருப்பைத் தூண்டக் கூடாது. மண்ணுக்குள் மிச்சமிருக்கும் ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளேயே வெடிக்கும். வெளியில் நின்றாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

சூளை பிரித்ததில் ஒரு தூபக்காலை எடுத்து அம்மா சோதனை போட்டுக் காட்டினார். அடியில் ஒரு படுகை சாம்பல். அதன் மேல் கொட்டாங்குச்சித் தணல். செக்கச்செவேல் என்று இருந்த தணலில் வேண்டுமென்றே ஒரு சிட்டிகை சாம்பிராணியைப் போட்டார். கரும்புகை கிளம்பிக் கண்ணைக் கரித்தது. "இது கருகுது. மணக்கல." சற்று விசிறிவிட்டுக் காத்திருந்தார். தணலின் மேல் நீறு பூத்தது. இப்போது போட்ட சாம்பிராணி உருகிக் குமிழிட்டு, வெள்ளைப் புகையாக எழுந்தது. கூடவே ஒரு அகில் சிராயை ஓரமாகச் செருகினார். அது எரியவில்லை, சூட்டில் கசிந்து மணத்தது. பிசினும் கட்டையும் மணப்பது இளஞ்சூட்டில்தான். அந்தச் சூட்டைச் சாம்பலும் மண்ணும் சேர்ந்து காத்துக் கொடுக்கின்றன. பித்தளைத் தூபக்கால் சீக்கிரம் சுட்டுவிடும். மண் சூட்டைத் தனக்குள் மெதுவாக வாங்கிக்கொள்ளும்.

இந்த மணங்கள் நெடுந்தூரம் வந்தவை. சாம்பிராணி சுமத்ரா மலைகளில் மரப்பட்டையைக் கீறி எடுக்கும் பிசின். அகில் மரம் பூஞ்சை தாக்கிய பிறகு அதை எதிர்க்கச் சுரக்கும் பிசினால்தான் கறுத்து மணக்கிறது. குங்கிலியமும் மட்டிப்பாலும் மரப்பிசின்களே. இத்தகைய பிசின்களோடு சந்தனத் தூள், வெட்டிவேர், கிச்சிலிக் கிழங்கு முதலானவற்றையும் சேர்த்து இடித்தால் தசாங்கம் என்ற தூபப் பொடி. கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டிய செய்தி சங்கப் பாடல்களில் உண்டு. திருக்கடவூர்க் கோயிலில் குங்கிலியத் தூபம் இடுவதையே தொண்டாகக் கொண்டு, வறுமையில் மனைவியின் தாலியைக் கொடுத்தும் குங்கிலியமே வாங்கிய அடியாரைப் பெரியபுராணம் போற்றுகிறது. குங்கிலியக் கலயர் என்ற அவர் பெயரில் பிசினோடு கலயமும் ஒலிக்கிறது. ஆனால், கலயம் செய்தவர் யார் என்று நாம் கேட்டதில்லை.

இன்று கடைகளில் கிடைப்பது கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி. கரித்தூளும் மரத்தூளும் ஒட்டுப்பொடியும் சேர்த்து அச்சில் அழுத்தியவை. பலவற்றில் மணம் செயற்கை எண்ணெயிலிருந்து வருகிறது. தீக்குச்சி காட்டினால் போதும், தானே புகையும். தணல் வேண்டாம், தூபக்காலும் வேண்டாம். அம்மா இதை ஒரு வரியில் சொன்னார்: "கேஸ் அடுப்பு வந்துச்சு, தணல் போச்சு. தணல் போன வீட்டுல இதுக்கு என்னா வேலை?"

கேஸ் அடுப்பு பெண்களின் நுரையீரலைக் காப்பாற்றியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விறகடுப்பை நம்பி ஒரு தொழில் இருந்தது என்பதையும் அந்தத் தொழிலில் குடும்பங்கள் இருந்தன என்பதையும் மறப்பது நியாயமில்லை. மகன் தன்னால் ஆனதைச் செய்கிறார். கப் சாம்பிராணி சரியாக உட்காரும் குழியோடு ஒரு வகை. கோபுர வடிவ மூடியில் புகை வெளிவரத் துளைகள் போட்டு இன்னொரு வகை. நகரத்துக் கடைகள் மூடி போட்டதை விரும்பி எடுக்கின்றன. மொத்தமாக எடுப்பவர் ஒரு சாதாரண தூபக்காலுக்குக் கொடுக்கும் விலையோ ஒரு டீ வடைக் காசுதான்.

மழைக்காலத்தில் காயவைக்கவும் முடியாது, சூளை போடவும் முடியாது. அந்த மாதங்களுக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். கண்மாயில் மண் எடுக்க அனுமதி கேட்டு அலையும் அலைச்சல் தனி. "மண்ணு கெடைச்சாப் போதும்ணே, மத்ததை நாங்க பாத்துக்குவோம்" என்றார் மகன். தலைமுறை தலைமுறையாக அதே கண்மாய் மண்ணை எடுத்துத் தொழில் செய்தவர்கள், இன்று அதற்கு மனு எழுத வேண்டியிருக்கிறது.

புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். விற்பனையை அது பார்த்துக்கொள்ளாது. அதை நாம்தான் செய்ய வேண்டும். தூபம் இல்லாமல் எந்தக் கோயிலிலும் பூசை முழுமையாவதில்லை. ஒவ்வொரு கோயிலும் தன் வட்டாரத்து மண்பாண்டக் கலைஞர்களிடம் ஆண்டுக்கு ஒரு முறை மண் தூபக்கால் வாங்குவது என்று வைத்துக்கொண்டால், தூபக்காலுக்கும் ஒரு பருவம் பிறந்துவிடும். வீட்டிலும் முடியாத காரியமில்லை. வாரம் ஒரு நாள், சப்பாத்தி சுடும் கம்பி வலையில் கொட்டாங்குச்சித் துண்டைப் பற்றவைத்தால் தணல் தயார். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பச்சைக் குழந்தையின் முகத்தருகே புகையைக் கொண்டுபோகக் கூடாது. நீறு பூக்கும்வரை பொறுத்து, நல்ல சாம்பிராணியாகப் பார்த்துக் கொஞ்சமாகப் போட வேண்டும். தூபக்கால் வாங்கும்போது பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். மண்ணின் பதம் அறிந்த பாதமும் துளையின் பதம் அறிந்த நகமும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அந்த வேலையில் வயிறு நிறைய வேண்டும்.