எரிமலை மண்ணில் ஒரு கிராணி

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை எப்படியிருக்குமென்று தோட்டத்து நேயர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். பட்டணத்து நேயர்கள் பொறுத்தருள்க. எருமைச் சாலைக் காய்கறிக் கடைகளுக்கும் சிராங்கூன் சாலை நகைக்கடைகளுக்கும் இடையே கால்வைக்க இடமிராது. கட்டட வேலைக்கும் கப்பற்பட்டறை வேலைக்கும் வந்திருக்கும் தமிழ்நாட்டு இளைஞரும் வங்காளதேச இளைஞரும் கிடைத்த புல்தரையிலெல்லாம் கூட்டங்கூட்டமாய் அமர்ந்து, ஒரு கையில் சோற்றுப் பொட்டலமும் மறு கையில் டெலிபோனுமாக ஊரோடு பேசிக்கொண்டிருப்பர். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நீண்டு நிற்கும். அப்படிப்பட்ட கடையொன்றுக்கு அடுத்த கதவில்தான் உல்லாசப் பிரயாணச் சீட்டு விற்கிறார்கள். சென்ற ஜூன் மாதம், பள்ளி விடுமுறையில், நம் மாப்பிள்ளை அங்கே நுழைந்து எம்மைக் கேளாமலே மூன்று சீட்டு வாங்கிவிட்டார்.

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. வயது முப்பத்தாறு. எட்டு வயதில் தேக்காவிலிருந்த பெரியம்மா வீட்டில் விடப்பட்டு ஆங்கிலப் பள்ளியில் படித்தோம். தந்தையார் நோயுற்றபின் தோட்டம் திரும்பினோம்; அவர் இருந்த ஆபீசிலேயே ஒரு மேசை கிடைத்தது. கற்ற ஆங்கிலம் செக்ரோல் எழுதவும் துரைக்கு வரும் கடிதங்களுக்கு விடையெழுதவும் பயன்படுகிறது. வேறெதற்கும் பயன்பட்டதாகச் சொல்வதற்கில்லை. நம் தாத்தா காலத்தில் தமிழர் நிறைந்திருந்த லயங்களில் இன்று தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குலை வெட்டுவோரும் சுமப்போரும் பெரும்பாலும் லொம்போக் தீவினர்; சிலர் வங்காளதேசத்தவர். காலைப் பெரட்டில் அவர்களுடைய எண்ணைக் கூப்பிடுவது நம் வேலை. பெயரைக் கூப்பிடுவது வழக்கமில்லை.

“மச்சான், எத்தனை காலத்துக்குச் செம்பனையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்? எரிமலையைப் பார்க்கலாம், வாருங்கள்” என்றார் மாப்பிள்ளை. தங்கையோ, “அண்ணே, அங்கே நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் கொடுப்பார்களாம், நான்தான் ஓட்டுவேன்” என்றாள். மறுப்பதற்கு வழியில்லாமற் போயிற்று.

சாங்கியிலிருந்து பாலித் தீவுக்கு விமானத்தில் இரண்டரை மணிக்கு மேலாகிறது. அங்கிருந்து மலையேறும் சாலையில் இன்னும் இரண்டு மணி. பாத்தூர் எரிமலை இருக்கும் பகுதிக்குக் கிந்தாமணி என்று பெயர். கி.பி. 882ஆம் ஆண்டுச் சாசனமொன்றில் இப்பெயர் ‘சிந்தாமணி’ என்றே வந்திருக்கிறது. இதைக் கேட்ட மாப்பிள்ளை ஐம்பெருங்காப்பியத்தைப்பற்றிச் சொற்பொழிவு தொடங்கிவிட்டார்; தங்கை அதட்டியபிறகே ஓய்ந்தார்.

பள்ளியில் ‘கால்டெரா’ என்ற சொல்லை நெட்டுருச் செய்து பரீட்சைத் தாளில் எழுதி, பத்துக்கு ஒன்பது மதிப்பெண் பெற்றவர் நாம். அது என்னவென்பது அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றபொழுதுதான் விளங்கிற்று. பெரியதொரு மலை வெடித்துத் தன் வயிற்றிலிருந்த குழம்பையெல்லாம் கக்கியபின், தாங்குவதற்கு அடியில் ஒன்றுமில்லாமல் தன் எடையாலேயே உள்ளே இடிந்து விழுந்துவிட்டது. இப்படி நேர்ந்தது ஏறக்குறைய 29,000 ஆண்டுகளுக்கு முன்பு; பின்னர் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு முறை. மிஞ்சிய பள்ளம் சுமார் 14 கிலோமீட்டர் நீளம், 10 கிலோமீட்டர் அகலம். அதன் நடுவே மறுபடி முளைத்து வளர்ந்திருப்பதே இன்றைய பாத்தூர். உயரம் 1,717 மீட்டர். பக்கத்தில் பிறைவடிவான ஏரி. ஏரிக்கரையெங்கும் வெங்காயப் பாத்திகளும் தக்காளிக் கொடிகளும். அவற்றுக்கு மேலே, பச்சையின் அடையாளமே இல்லாத கருநிலம். 1963ஆம் ஆண்டு வழிந்த குழம்பு உறைந்த இடம் அது. அறுபது ஆண்டுகளாகியும் பாசியும் பெரணியும் சில புற்களுமே அங்கே துணிந்து குடியேறியிருக்கின்றன.

அக்கருநிலத்தில்தான் எங்களை விட்டார்கள். வண்டியைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் நம் கர்வம் அடங்கிய இடம் அதுவே. தோட்டத்தில் பதினைந்து ஆண்டுகளாகக் கப்சாய் ஓட்டுகிறோம்; மழைக்காலத்துச் செம்மண் சேற்றில் வழுக்காத கிராணியென்று மண்டோர்களிடம் பெயர். ஆகவே வழிகாட்டித் தோழர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபொழுது நாம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த நாற்சக்கர வண்டிக்கு முறுக்கும் கைப்பிடியில்லை. வலக்கைப் பெருவிரலால் ஒரு சிறு நெம்பைத் தள்ளினால் வேகம் பிறக்கும். சைக்கிளைப்போல் வண்டி சாயாது. வளைவில் மனிதன்தான் சாய்ந்துகொடுக்கவேண்டும். ஏற்றத்தில் முன்னே குனியவேண்டும். இறக்கத்தில் பின்னே நகர்ந்து உட்காரவேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது: எது நேர்ந்தாலும் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. இரு சக்கர வண்டியில் பழகியவருக்கு இக்கடைசி விதிதான் எமன். தடுமாறினால் கால் தானே கீழே போகும். போன காலைப் பின்சக்கரம் வந்து பிடித்துக்கொள்ளும்.

தங்கை ஒன்றும் அறியாதவளாகையால் சொன்னபடி செய்தாள், செம்மையாகவே ஓட்டினாள். மாப்பிள்ளை அவளுக்குப் பின்னால் அமர்ந்து இரு கையாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு, வாய்திறவாமல் வந்தார். (ஆடவர் பின்னால் உட்காருவது இழுக்கென்று எண்ணும் நண்பர்கள் அன்று அவர் முகத்தைப் பார்த்திருந்தால் இழுக்கைக் காட்டிலும் பெரிய அச்சங்கள் உலகிலுண்டென்று அறிந்திருப்பர்.) முன்னே ஒரு வழிகாட்டி, அடுத்து எங்கள் இரு வண்டிகள், கடைசியில் இன்னொரு வழிகாட்டி. கரும்புழுதி எழுந்து மூக்குக் கண்ணாடியை மூடிற்று. இருபுறமும் உடைந்த கண்ணாடியைப்போன்று கூரிய கற்கள். விழுந்தால் தோலை உரித்துவிடும். இடையிடையே மணல் ஏற்றிய பாரவண்டிகள் எதிரே வந்தன. எரிமலை கக்கியதை அள்ளி விற்றுப் பிழைக்கும் தொழிலாளரும் அங்கே பலருண்டு.

மூன்றாவது வளைவில் மணல் தளர்ந்திருந்தது. பின்சக்கரம் நழுவியது, நம் இடக்கால், பதினைந்து ஆண்டுப் பழக்கத்தால், தரையில் இறங்கிற்று. அடுத்த கணம் குதிகாலைச் சக்கரம் இழுப்பதை உணர்ந்தோம். பெருவிரலோ அச்சத்தில் நெம்பை இன்னும் அழுத்தியது. பின்னே வந்த தோழர் ஓடிவந்து எம் கையைத் தட்டிவிட்டு விசையை நிறுத்தியிராவிட்டால் கணுக்கால் முறிந்திருக்கும். அவர்கள் கொடுத்த தடித்த பூட்ஸ் கிழிந்ததோடு போயிற்று.

அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கல்லின்மேல் உட்காரவைத்துக் காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு மலாயில், “அண்ணன் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறீர்களா?” என்று கேட்டார். நாம் திடுக்கிட்டு, எப்படித் தெரியுமென்றோம். “புறப்படுமுன் வண்டிகளை எண்ணினீர்கள், பிறகு ஆட்களை எண்ணினீர்கள், பிறகு நாங்கள் கொடுத்த தாளில் கையெழுத்துச் சரியாக இருக்கிறதாவென்று பார்த்தீர்கள். நான் பகாங்கில் மூன்று வருடம் குலை வெட்டினேன்” என்று சிரித்தார். அவர் பாலித் தீவினரல்லர். கிழக்கே பள்ளத்தின் விளிம்பிலுயர்ந்த அபாங் மலையைக் காட்டி, “அதற்குப் பின்னால், கடலுக்கு அப்பால், எங்கள் லொம்போக்” என்றார். அங்கிருந்து தீவு தெரியவில்லை, மலைதான் தெரிந்தது.

முன்சென்ற வழிகாட்டியும் திரும்பி வந்து அமர்ந்தார். அவர் பாத்தூர்க் கிராமத்தவர். 1917இல் எரிமலைக் குழம்பு வந்து கோவில் வாசலில் நின்றுவிட்டதாம். அதை நல்லறிகுறியென்று கொண்டு மக்கள் அங்கேயே தங்கிவிட்டனர். 1926இல் மறுபடி வந்தது. இம்முறை வாசலில் நிற்கவில்லை. கோவிலும் கிராமமும் புதைந்தன. மக்கள் பள்ளத்தின் மேல்விளிம்புக்குக் குடியேறினர். இக்கதை இப்பத்திரிகையின் நேயர்களுக்கு எதற்குப் பயன்படுமென்று நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் அவரை நோக்கிச் சிரிக்க எமக்கு மனமில்லை. அவ்வேளையில் எம் நினைவு வேறிடத்திலிருந்தது.

நிற்க. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, லொம்போக்கின் வடபகுதியில் ரிஞ்சானி எரிமலையடியில் பூமி அதிர்ந்தது. அந்த மாதத்து அதிர்ச்சிகளில் 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுநாட் காலை பெரட்டு முடிந்ததும் ஒரு தொழிலாளி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். வீடு விழுந்துவிட்டது, தாயைப்பற்றிச் சேதியில்லை, ஊருக்குப் போகவேண்டும், கடவுச்சீட்டு வேண்டும் என்றார். கடவுச்சீட்டுகள் ஆபீஸ் இரும்புப் பெட்டியிலிருந்தன. பிறருடைய கடவுச்சீட்டை வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் ‘பாதுகாப்புக்காகத் தாமே ஒப்படைத்தார்’ என்று தாளில் கையொப்பம் வாங்கியிருந்தோம். வாங்கியவர் நாமே. சாவியும் நம் மேசையில்தான்.

அன்று சம்பளக் கணக்கு முடிக்கும் நாள். ஏழாந் தேதிக்குள் கூலி கொடுத்தாகவேண்டும். அவரை வெளியே விசுப்பலகையில் உட்காரச் சொன்னோம். பகல் ஒரு மணிக்கு எட்டிப் பார்த்தோம், உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்கு மனுவொன்று எழுதி வாங்கித் துரையின் தட்டில் வைத்தோம். துரை மூன்று நாள் கோலாலம்பூரில். ‘டெலிபோனில் கேட்டால் என்ன?’ என்று அப்பொழுதே தோன்றிற்று, கேட்கவில்லை. புதன்கிழமை காலைப் பெரட்டில் அவருடைய எண்ணைக் கூப்பிட்டோம். விடையில்லை. இரவோடிரவாகப் போய்விட்டார், கடவுச்சீட்டு இல்லாமல் எவ்வழியாகப் போனாரென்று இன்றுவரை தெரியாது. செக்ரோலில் அவர் வரிக்கு எதிரே ‘லாரி’ என்று எழுதினோம். வண்டியன்று, மலாய்ச் சொல். ஓடிவிட்டான் என்று பொருள். விதிப்படி குடிநுழைவு இலாகாவுக்கும் அறிவித்தோம். யாரும் எம்மைக் குறைகூறவில்லை. சொல்லப்போனால், கணக்கு ஒரு காசு பிசகாமல் அன்று முடிந்ததென்று துரை திரும்பியதும் பாராட்டினார்.

இதையெல்லாம் அத்தோழரிடம் சொல்லவில்லை. “2018இல் எங்கே இருந்தீர்கள்?” என்று மட்டும் கேட்டோம். பகாங்கில்தான் என்றார். செய்தி வந்த அன்றிரவே அவர்களுடைய கிராணி லயத்துக்கு வந்தாராம். அவரும் தமிழராம். யாரையும் கேளாமல் பெட்டியைத் திறந்து நான்கு பேருடைய கடவுச்சீட்டையும் கொடுத்து, தம் காரிலேயே ஏற்றிச்சென்று விமான நிலையத்தில் விட்டாராம். “மறுநாள் அவருக்கு நல்ல ஏச்சு. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். உங்கள் ஆட்கள் நல்லவர்கள், அண்ணே” என்று எம் முழங்காலைத் தட்டினார்.

எமக்கு வாய் வரவில்லை. காலில் வலியென்று அவர் நினைத்துக்கொண்டார்.

மீதி வழியை அவர் சொன்னபடியே ஓட்டினோம். வளைவில் சாய்ந்தோம், காலைத் தூக்கியே வைத்திருந்தோம். ஏரிமேல் மேகம் இறங்கியது. தங்கை படம் எடுத்துக்கொண்டாள். விடைபெறும்பொழுது தோழருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பணம் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பித்தந்தார்.

ஞாயிறு மாலை தேக்காவில் வந்திறங்கினோம். புல்தரையில் வழக்கம்போல் கூட்டம். ஓர் இளைஞர் டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “அம்மாவிடம் கொடு, அம்மாவிடம் கொடு” என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சாயா வாங்கப் போனார். நாம் அங்கேயே நின்றோம்.

திங்கட்கிழமை ஆபீசில் 2018ஆம் ஆண்டுச் செக்ரோலைத் தேடி எடுத்தோம். கறையான் அரிக்கவில்லை, எழுத்து மங்கவுமில்லை, நம் கையெழுத்து எப்பொழுதும் தெளிவானது. முடித்த கணக்கில் திருத்தம் செய்யக்கூடாதென்பது விதி. ‘லாரி’ என்பதைச் சிவப்பு மையால் ஒரு கோடிட்டு அடித்து, மேலே ‘பூலாங்’ என்று எழுதினோம். வீடு திரும்பினார் என்று பொருள். திரும்பினாரோ, அறியோம். அவருடைய பெயரையும் எண்ணுக்குப் பக்கத்தில் முழுதாக எழுதி, இனிஷியலிட்டோம். அவருடைய கடவுச்சீட்டைப் போலீஸில் ஒப்படைத்தது போக, பெட்டியில் இன்னும் நாற்பத்தொன்று இருக்கின்றன. சாவி நம்மிடமே. அடுத்த மாதம் தணிக்கையாளர் வருகிறார்.