தலையாக மாறிய ரொட்டி

இலண்டனின் கிழக்குப் பகுதியில் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த காக்னி வழக்கில், அன்றாட ஆங்கிலச் சொற்கள் அகராதிப் பொருளை முற்றிலும் துறந்து வேறொன்றைக் குறிக்கின்றன. சொல்ல வந்த சொல்லுக்கு மாற்றாக, அதனோடு ஈற்றில் ஓசை ஒத்துவரும் ஒரு தொடரை நிறுத்துவதே, அதாவது தமிழ் யாப்பிலக்கணம் இயைபு என வழங்கும் ஒலியொப்புமையைப் பேச்சுக்குள் கொண்டுவருவதே, இதன் அடிப்படை. தலையைக் குறிக்கும் ‘ஹெட்’ என்பதற்கு, முழு ரொட்டியைக் குறிக்கும் ‘லோஃப் ஆஃப் பிரெட்’ என்ற தொடர் அமைந்தது. பின்னர் இயைபைத் தாங்கி நின்ற ‘பிரெட்’ உதிர்ந்து ‘லோஃப்’ மட்டும் எஞ்சியதால், ‘உன் லோஃபைப் பயன்படுத்து’ என்பது ‘மூளையைப் பயன்படுத்து’ என்று பொருள்படலாயிற்று. ஓசைக்குக் காரணமான சொல்லே மறைந்துவிடுவதால், வெளியாள் எவ்வளவு ஆங்கிலம் கற்றிருந்தாலும் பொருளை ஊகிக்க இயலாது; இவ்வழக்கின் உண்மையான நுட்பம் இங்குதான் உள்ளது.

பார்வையைக் குறிக்கும் ‘லுக்’, கசாப்புக்காரரின் கொக்கியான ‘புட்சர்ஸ் ஹுக்’ வழியாக ‘புட்சர்ஸ்’ ஆனதும், தோழரைக் குறிக்கும் ‘மேட்’, பீங்கான் தட்டான ‘சைனா பிளேட்’ வழியாகச் ‘சைனா’ ஆனதும் இவ்வாறே.

ஜான் கேம்டன் ஹாட்டன் 1859-இல் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதி இத்தகைய தொடர்களைத் தனிப்பட்டியலாகத் தொகுத்தது. இவ்வழக்கைத் திருடர்களின் மறைமொழி என்று மட்டும் கொள்வது, தெருவில் கூவி விற்றுப் பிழைத்த எளியோரின் சொல்லாக்கத் திறனுக்கு இழைக்கப்படும் அநீதியாகும். அவர்களது ‘லோஃப்’ இன்று இலண்டனைக் கடந்து பொதுவான பிரித்தானியப் பேச்சிலும் வழங்குகிறது.